மோட்டாருக்கு மூன்று நட்சத்திரம்

எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாருக்கு நல்ல குரல் என்று கண்டுபிடித்தவர் பாட்டு மிஸ்தான்.

குழந்தைகள் பாடுவதைக் கேட்டு, சுருதி சேர்கிறதா என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற ஒரு செயலியை நான் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தேன். பெங்களூரில் ஒரு கம்பெனி செய்தது. பள்ளிகளுக்கு இலவசம். டேப்லெட்டில் ஏற்றி, சார்ஜ் போட்டு, புது மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவது போல மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு வகுப்பை விட்டு வெளியே போய், மாடிப்படிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் முன்னால் அதைப் பிடித்தார். திரையில் பூ பூவாகக் கொட்டியது. ‘மிக அருமை! உங்கள் சுருதி பிரமாதம்!’ மூன்று நட்சத்திரம்.

திரும்பி வந்து ஆறாம் வகுப்பு ஷாலினியை எழுப்பிப் பாடச் சொன்னார். எங்கள் பள்ளியில் அந்தப் பெண்ணைப் போலப் பாடுகிற குழந்தையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவள் சுரத்தை லேசாக அசைத்து, குழைத்துப் பாடினாள். செயலிக்கு அது பிடிக்கவில்லை. ‘இன்னும் முயற்சி தேவை’ என்று ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது.

“அசையாம நின்னா இதுக்கு சந்தோஷம். அசைஞ்சா தப்பு,” என்றார் மிஸ். “மோட்டாரையே கொயர்ல சேத்துடலாமா சார்?”

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது.

நான் அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் சார். மயிலாப்பூரில், சர்ச் சுவரை ஒட்டினாற்போல இருக்கிற பள்ளிக்கூடம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து, பாட்டு வகுப்புக்கு நவீன வசதி செய்து தருகிறோம் என்று முன்வந்தார்கள். என்ன வாங்கலாம், எந்தெந்தச் செயலி இலவசமாகக் கிடைக்கும், எந்த இணையதளத்தில் பாடம் இருக்கிறது என்று தேடித் தரும் வேலையைத் தலைமையாசிரியை சிஸ்டர் என்னிடம் கொடுத்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் தேடத் தெரியும். நான் தேடிக் கொண்டுவருவேன். மிஸ் அதைச் சந்தேகப்படுவார். மூன்று வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் வேலை.

மிஸ்ஸுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். சாந்தோமில் பரம்பரை பரம்பரையாக இருக்கும் குடும்பம். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம், மற்ற நாளில் எங்களிடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஆயா ஒருமுறை கேட்டதற்கு, “விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளைங்களுக்கு வயசாயிடுச்சு” என்றாராம்.

சுவரில் ஸ்மார்ட் போர்டு மாட்டிய அன்று, அதன் நெற்றியில் இருந்த கேமராவைப் பார்த்து, “இது எதுக்கு?” என்றார். ஆன்லைன் வகுப்புக்கு என்றேன். “இப்ப ஆன்லைன் இல்லையே?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற கணக்கு மிஸ்ஸின் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை உரித்து எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டார். கணக்கு மிஸ்ஸுக்குக் கோபம். வெறும் நெற்றியோடு அடுத்த வகுப்புக்குப் போகவேண்டியதாயிற்று. அந்தக் கறுப்புப் பொட்டு மிஸ் இருந்தவரை அங்கேயே இருந்தது. பழுது பார்க்க வந்தவர்கூட அதைத் தொடவில்லை, ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்.

தம்புரா செயலி ஒன்று கொண்டுவந்தேன். இரண்டு நாள் நன்றாகத்தான் ஒலித்தது. மூன்றாம் நாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணை மூடிச் சுருதியில் நின்றுகொண்டிருந்தபோது, நடுவில் ஒரு ஆள், ‘ரம்மி ஆடலாம் வாங்க, முதல் ஆட்டம் இலவசம்!’ என்று கத்தினான். மிஸ் அதிரவே இல்லை. எப்போது வருவான் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி எழுந்து, அலமாரியிலிருந்து பழைய சுருதிப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். செயலி வந்த பிறகும் அந்த அலமாரியை அவர் பூட்டவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஸ்டாஃப் ரூமில் அவரைக் கேலி செய்வோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். டீ வந்தால் முதல் வாய் யார் குடிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் மிஸ் குடிப்பார் என்று ஒரு வதந்தி. ஏன் இப்படி என்று நேராகக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்வார். கணக்கு மிஸ்ஸிடம், தன் அப்பா கோடம்பாக்கத்தில் வயலின் வாசித்தவர் என்றும், அவர் ஒரு படத்துக்கு வாசித்த துண்டை அவருக்குச் சொல்லாமலே வேறு படங்களில் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். சிஸ்டரிடம், சின்ன வயதில் கன்னியாஸ்திரீ ஒருவர் தன்னை ஏமாற்றி ஊசி போட வைத்ததுதான் காரணம் என்றார். என்னிடம், “பொறவியிலேயே இப்படித்தான் சார்” என்றார். இதில் எது உண்மை என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

இலவசம் என்ற சொல்தான் அவருக்கு ஆகாது. “தானமா வந்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது மிஸ்,” என்று ஒருமுறை சொன்னேன்.

“பல்லப் பாக்காம விட்டா அது எதத் திங்குதுன்னு எப்படித் தெரியும்?” என்றார். அதோடு விடவில்லை. “உங்களுக்கு அந்தக் கம்பெனி என்ன குடுக்கறாங்க சார்?”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அது உண்மை. அதுவரை கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் டிசம்பரில் நடத்தும் மாநாட்டில் ‘முன்னோடி ஆசிரியர்’ என்று நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து மேடையில் உட்கார வைப்பார்கள் என்றும், என் பெயர் பட்டியலில் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் கரும்பலகைக்கும் கணினிக்கும் நடுவில் நின்றவனுக்கு ஒரு மேடை. அதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை. எப்படி மோப்பம் பிடித்தார் என்று மட்டும் யோசித்தேன்.

அவர் என்னைச் சந்தேகப்பட்டதும் நானும் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். வீட்டில் டியூஷன் எடுக்கிறாராமே, செயலி வந்தால் பிழைப்பு போய்விடும் என்று பயமோ? இயந்திரம் வந்தால் தன்னுடைய காது தேவைப்படாது என்று பொறாமையோ? ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது பாட்டு அறை டேப்லெட்டை எடுத்து, அவர் என்னவெல்லாம் தேடியிருக்கிறார் என்று பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்தேன். ஒரே கேள்வியைத் தமிழில் நாலைந்து விதமாகத் தட்டியிருந்தார். ‘குழந்தை குரல் பதிவு செய்தால் எங்கே போகும்.’ ‘பதிவு செய்த குரலை அழிப்பது எப்படி.’ வேறு ஒன்றும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மோட்டார் கதையைக் கம்பெனிக்கு எழுதினேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். எங்கள் செயலிக்கு உங்கள் ஊர்க் குழந்தைகள் பாடும் விதம் தெரியாது. உங்கள் குழந்தைகளின் குரலைப் பதிவு செய்து அனுப்பினால் கற்றுக்கொள்ளும். அதன் பிறகு அசைத்துப் பாடினாலும் நட்சத்திரம் கொடுக்கும் என்றார்கள். எனக்கு இது நியாயமாகப்பட்டது.

மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. “பிள்ளைங்க எங்கிட்ட கத்துக்கிட்டா அது பிள்ளைங்ககிட்ட இருக்கும். இது கத்துக்கிட்டா யார்கிட்ட இருக்கும்?”

“கம்பெனிகிட்ட. அதனால என்ன மிஸ்?”

“அப்ப கம்பெனிய வந்து உக்காந்து கத்துக்கச் சொல்லுங்க. நான் பாய் போடறேன்.”

செப்டம்பரில் அவர் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஒரு வாரம் லீவு போட்டுப் போனார். போகும்போது பாட்டு அறையைப் பூட்டிச் சாவியை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனார், என்னிடம் இல்லை. எனக்கு அந்த அறை தேவையும் இல்லை. கம்ப்யூட்டர் லேபில் ஹெட்போன் இருந்தது.

பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று கம்பெனியின் படிவத்தில் இருந்தது. கம்பெனி கொடுத்த ஆங்கில அறிவிப்பை ஆறாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். எங்கள் பள்ளி அம்மாக்கள் எந்தச் செய்திக்கும் கும்பிடு படம் போடுவார்கள். மழை விடுமுறை என்றாலும் கும்பிடு, பரிட்சைத் தேதி என்றாலும் கும்பிடு, தலையில் பேன் பார்த்து அனுப்பவும் என்றாலும் கும்பிடு. என்னுடைய அறிவிப்பின் கீழேயும் மதியத்துக்குள் வரிசையாகக் கும்பிடுகள் விழுந்தன. போடாதவர்கள் மறுப்பும் சொல்லவில்லை. ‘அனைத்துப் பெற்றோரின் சம்மதமும் பெறப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கீழே என் பெயரை எழுதினேன்.

குழந்தைகள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பாடினார்கள். ஷாலினி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுத்து எழுத்தாக, சொல் சொல்லாக, மேலே கீழே என்று திரையில் என்ன வந்தாலும் பாடினாள். ஒவ்வொரு படி முடியும்போதும் ஒரு பதக்கம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையிலும் ஓடி வருவாள். “இன்னும் ஒண்ணு சார், ஒண்ணே ஒண்ணு.” நானும் விட்டேன். அந்த வாரம் முடியும்போது மொத்த வகுப்பும் பாடியதைவிட அவள் ஒருத்தி அதிகம் பாடியிருந்தாள்.

லீவு முடிந்து வந்த மிஸ்ஸிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். லேபுக்கு வந்து நின்றார். திட்டவில்லை. “அம்மா அப்பாங்க சரின்னாங்களா?” என்று மட்டும் கேட்டார். நான் வாட்ஸப்பைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை தள்ளித் தள்ளிப் படித்தார்.

“கும்பிடு போட்டா சம்மதமா சார்?”

“மறுப்பு சொல்லலையே மிஸ்.”

“பேன் பாக்கச் சொன்னதுக்கும் இதேதான் போட்டிருக்காங்க,” என்றார். போய்விட்டார். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் என்னிடம் பேசவில்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அவரே போன் செய்தார். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பெயரைச் சொல்லி, உடனே வாருங்கள் என்றார். கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் போனவருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடினேன். கூட்டத்தில் முட்டி மோதிக் கடைக்குள் நுழைந்தால், மிஸ் லிஃப்ட் வாசலில் பையோடு நிற்கிறார். “ஏறுங்க,” என்றார்.

லிஃப்ட்டில் ஒரு பாட்டு ஓடியது. ‘பண்டிகை வந்தாச்சு, பட்டெடுக்க வாங்க’ என்று ஒரு குழந்தை பாடியது. நாலாவது மாடிக்குப் போனோம், இறங்கவில்லை. கீழே வந்தோம், இறங்கவில்லை. லிஃப்ட் இயக்கிய பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னா மேடம், காலையிலேர்ந்து ஏறிக்கினு எறங்கிக்கினு கீறீங்க. இன்னா வோணும் உங்களுக்கு?”

“கொஞ்சம் சும்மா இரும்மா,” என்று அவரை அடக்கிவிட்டு மிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார். “இப்ப வரும் பாருங்க. சுரம் மேல போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன இழுப்பு. வந்துச்சா? நான் திருத்தணும்னு பாத்துட்டு, அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்.”

வந்தது. ஷாலினி. எங்கள் லேபில் ஹெட்போனோடு உட்கார்ந்து ஒண்ணே ஒண்ணு என்று கேட்ட அதே குரல். அவள் பாடாத பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. மனிதர்கள் பாடாமலே அவர்கள் குரலில் பாட வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். நான் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

“ஷாலினி அம்மாகிட்ட சொல்லணும் சார்,” என்றார் மிஸ். “கேக்க வேண்டியவங்களக் கேக்கல. சொல்லவாவது சொல்லணும்.” பாட்டை என் போனில் பிடித்துக்கொண்டோம்.

ஷாலினியின் அம்மா மந்தைவெளியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். ஷாலினி வண்டிக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் போனில் பாட்டைப் போட்டேன். இரண்டு வரி கேட்டதும் அந்தம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“இது நம்ம ஷாலினி கொரலு! இன்னா சார், கடையில போடறாங்களா? எந்தக் கடை?” பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். “ஏய் அமுதா, இங்க வா, எம் பொண்ணு பாட்டு தி. நகர் கடையில ஓடுதாம்!”

“நான் இதப் பாடலம்மா,” என்றாள் ஷாலினி.

“பாடாம எப்டிடி வரும்?”

“சத்தியமா பாடல.”

அந்தம்மாளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்தத் தெருவில் ஒரு பெண்ணைச் சினிமாவில் பாட வைக்கிறேன் என்று ஒருவன் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிப்போய், அவள் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

“எப்ப போன? ஸ்கூலுக்குன்னு சொல்லிட்டு எங்கடி போன? எவன்டி இட்டுக்கினு போனான்?”

“போகலம்மா!” என்று அழ ஆரம்பித்தாள். ஒரு அடி விழுந்தது.

நான் குறுக்கே புகுந்தேன். அவள் எங்கும் போகவில்லை, பள்ளியில் பதிவு செய்த குரலை வைத்துக் கம்ப்யூட்டரே பாடியிருக்கிறது, தப்பு என்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாடாம கொரலு எப்டி சார் வரும்? நானு படிக்காதவதான், அதுக்குன்னு இன்னா வோணா சொல்லுவியா? நீ எதுக்கு அவள மறைக்கற?” அடுத்த நொடி மகளிடம் திரும்பினார். “நாளையிலேர்ந்து ஸ்கூலு வோணாம். என் கண்ணு முன்னாடி துணி மடி, போதும்.”

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே எனக்கும் கேட்டது. ஷாலினி விக்கி விக்கி அழுதாள். அமுதா பூவைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். தெருவில் இரண்டு பேர் வண்டியை நிறுத்தினார்கள்.

“நான்தாம்மா கூட்டிட்டுப் போனேன்,” என்றார் மிஸ்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“ஸ்கூல் நேரத்துல, ஆட்டோவுல. என்கூடவேதான் இருந்தா, ஒரு மணி நேரத்துல திரும்பிட்டோம். வீட்ல சொல்லாத, ஆச்சரியமா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். அதான் புள்ள பயந்துக்கினு பொய் சொல்லுது. உங்களக் கேக்காம செஞ்சது என் தப்பு. மன்னிச்சுக்கங்க.”

ஷாலினி அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் அவளைப் பார்க்கவில்லை. அந்தம்மாள் மகளின் கையை விட்டார். மெதுவாக மூச்சு விட்டார்.

“ஒரு வார்த்த கேக்கலாம்ல மிஸ்? வயசுக்கு வரப்போற பொண்ணு. நானு ஒத்தக் கையால வளக்கறேன்.”

“கேட்டிருக்கணும்,” என்றார் மிஸ்.

திரும்பி நடக்கும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “வேணாம் சார்,” என்றார். “நம்பற மாதிரி ஒண்ணு சொன்னேன். அவ்ளோதான்.” அந்தக் குரலில் கர்வம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே அந்தம்மாள் சிஸ்டர் அறைக்கு வந்துவிட்டார். பெண் படிக்கட்டும், ஆனால் இந்த மிஸ் அவளுக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்றார். பள்ளி நேரத்தில் ஒரு பெண் குழந்தையைச் சொல்லாமல் வெளியே கூட்டிப்போனது சின்ன விஷயம் இல்லை. அதுவும் கடை விளம்பரத்துக்கு. சிஸ்டர் வெலவெலத்துப் போனார். “மிஸ், இது நெஜமா?” என்று கேட்டார். ஆமாம் சிஸ்டர் என்றார் மிஸ். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “சார், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அந்தம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த அடி மறுபடி ஷாலினி முதுகில் விழும், பள்ளிக்கூடம் நின்றுவிடும். தெரியாது சிஸ்டர் என்றேன். அது ஷாலினிக்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மிஸ்ஸை அன்றே வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. வராந்தாவில் பின்னாலேயே போனேன். “அந்தம்மா போனதும் சிஸ்டர்கிட்ட தனியா சொல்லிடறேன் மிஸ்,” என்றேன்.

“உங்க இஷ்டம் சார்,” என்றார்.

அன்றே சொல்லியிருக்கலாம். சிஸ்டர் நான்கு மணி வரை அறையில் தனியாகத்தான் இருந்தார். இரண்டு தடவை கதவு வரை போனேன். புதன்கிழமை பெங்களூரில் மாநாடு. இப்போது சொன்னால் லீவு கொடுக்க மாட்டார்கள். அங்கே போய்க் கம்பெனிக்காரர்களை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டு வந்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போனேன். சால்வை போட்டார்கள். ‘முன்னோடி ஆசிரியர்’ என்று மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். கைதட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் மாதிரி இருந்த அதிகாரியிடம் ஷாலினியின் குரலைப் பற்றிக் கேட்டேன். மெல்லிய குரலில்தான் கேட்டேன். “நீங்க கையெழுத்து போட்ட படிவத்துல இருக்கே சார், கூட்டாளி நிறுவனங்களுக்குக் குடுக்கலாம்னு,” என்று சிரித்தான். பார்க்கிறேன் என்றான். பிறகு ஒரு மாதம் எழுதி எழுதித்தான் அந்தப் பாட்டை எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாநாட்டைத் தவிர. அதற்கு நான் போட்டது காய்ச்சல் லீவு. சிஸ்டர் மிஸ்ஸைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று என்னிடம் கொடுத்தார்.

சாந்தோமில் மிஸ் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் நடந்துகொண்டிருந்தது. மிஸ்ஸும் அவர் தங்கையும் தரையில் உட்கார்ந்து, மாவை முள்கரண்டியில் தேய்த்துத் தேய்த்துக் கலகலா சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

“வேணாம் சார். நான் திரும்பி வந்தா அந்தம்மா யோசிக்கும். மிஸ் தப்பு பண்ணலன்னா அப்ப பொண்ண யாரு இட்டுக்கினு போனான்னு யோசிக்கும். சிஸ்டருக்கு நான் எழுதிக்கறேன்.” மறுபடி மாவைக் கையில் எடுத்தார். “ஷாலினி வராளா?”

“வரா மிஸ்.”

“பாடறாளா?”

“பாடறா.”

தலையை ஆட்டினார். தங்கை எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க உள்ளே போனார். அப்போதுதான் மிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“திங்கக்கிழமை சொல்றேன்னீங்க. வெள்ளிக்கிழமைதான் சொன்னீங்களாம். நடுவுல நாலு நாள் எதுக்கு சார் ஆச்சு?”

“காய்ச்சல் மிஸ்,” என்றேன். “படுத்துட்டேன்.”

மூன்று வருஷம் நான் சொன்ன எதையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று கேட்பார், நானும் உளறி மாட்டிக்கொள்வேன், மாட்டிக்கொண்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கலகலாவைச் சுருட்டினார்.

“சரி சார்,” என்றார். “உடம்பப் பாத்துக்கங்க.”

வேறு ஒன்றும் கேட்கவில்லை.